கண் அட்டைகள்

"கண்ணு தொறந்த சாமிய மிதிக்கலாங்களாப்பா?"

ஷாலினி இதைக் கேட்டது போன ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை. பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியபடி தறிக்கூடத்து வாசலில் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். இன்னொரு காலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசற்படியை அடைத்துக்கொண்டு ஒரு மிதியடி கிடந்தது. அந்த மிதியடியில் ஒரு முகம் இருந்தது. அகன்ற வாய், நெற்றிக்கு மேல் படுத்திருக்கும் ஒரு விலங்கு, நடுவில் வட்டமான இரண்டு பெரிய கண்கள்.

தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அவளுடைய அப்பா சண்முகவேல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அது சாமியில்ல கண்ணு. டிசைனு. மிதிச்சுட்டு வா."

ஷாலினி மிதிக்கவில்லை. காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்தைச் சுற்றிப் போய்ப் பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். ஏழு வயதுப் பெண். அம்மாவிடம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, வந்த வழியிலேயே போய்விட்டாள்.

சண்முகவேலின் சிரிப்பு அவள் போன பிறகு சற்று நேரம் இருந்தது. பிறகு இல்லை.

குமாரபாளையத்தில் அவருக்கு ஆறு ஜக்கார்டு தறிகள். ஒரு காலத்தில் அந்தத் தறிகளில் சுவரில் மாட்டும் சாமிப் படத்துணிகள் ஓடின. கோயில் வாசல் கடைகளில் வேலும் மயிலுமாகத் தொங்கும் துணிகள். அவை நின்றபின் படுக்கை விரிப்பும் தாமரை போட்ட கால்மிதியும் ஓடின. கடந்த ஒரு வருடமாக மூன்று தறிகள் ஓடவே இல்லை. ஊரில் பல பேர் தறியை உடைத்து இரும்பு எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்கும் நாட்களில் சண்முகவேல் தெருவுக்கே போகமாட்டார்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஏற்றுமதி ஏஜெண்ட் மயில்சாமி இந்த ஆர்டரைக் கொண்டுவந்தார். நாலாயிரம் மிதியடிகள். பசிபிக் கடலின் அந்தக் கரையில், வட அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், ஒரு பழைய மரக்கோட்டை இருக்கிறதாம். ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று தோல் வியாபாரத்துக்காகக் கட்டியது. இப்போது சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கிறார்கள். அடுத்த கோடையில் கோட்டைக்கு இருநூறு வயது. வருகிறவர்கள் வாங்கிப் போக மிதியடி வேண்டும், கோட்டைக்குள் வைத்திருக்கும் ஒரு பழைய மரப்பலகையிலிருக்கும் முகம் அதில் வேண்டும் என்று கோட்டையை நடத்துகிறவர்கள் கேட்டிருந்தார்கள். ஆறு தறிக்கும் தீபாவளி தாண்டி வேலை.

முதலில் ஒரே ஒரு மாதிரி நெய்து, எட்டு நாள் ஆள் நடமாடும் வாசலில் போட்டு, சாயமும் நூலும் தாங்குகிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அப்படிப் போட்டதுதான் வாசலில் கிடந்தது. அன்றைக்கு எட்டாம் நாள். வழக்கமாக நேரே வீட்டுக்குப் போய்விடும் ஷாலினி அன்றைக்குத்தான் சாவிக்காக அந்தப் பக்கம் வந்திருந்தாள்.

சண்முகவேல் எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு, தறிக்கு மேலே தொங்கிய அட்டைக் கோவையை அண்ணாந்து பார்த்தார். ஜக்கார்டில் குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் நூல் எழும்பும், இல்லாத இடத்தில் படுக்கும். அறுநூறு அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்தால் ஒரு முகம். அந்த அறுநூறில் இருபத்துநான்கு அட்டைகள் மட்டும் வேறு கயிற்றில் கோக்கப்பட்டிருந்தன. கயிறு புதிதாக இருந்தது, முடிச்சும் வேறாக இருந்தது.

அவர் எட்டி அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

சாமிப் படத்துணிக்கு அட்டையில் ஓட்டை அடிக்கும்போது அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. கண் வரும் அட்டைகளை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுவார்கள். மற்றதெல்லாம் முடித்து, கோத்து, கண்ணுக்கு மட்டும் இடைவெளி விட்டு வைப்பார்கள். மறுநாள் விடியலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த அட்டைகளை அடித்துச் சேர்ப்பார்கள். கண் திறப்பது அப்படித்தான். பூவுக்கும் கொடிக்கும் யாரும் இப்படிச் செய்வதில்லை.

இந்த மிதியடிக்கு அட்டை அடித்த நாளை சண்முகவேல் நினைத்துப் பார்த்தார். முந்தின நாள் மாலை ஏதோ ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்தது நினைவு வந்தது. மறுநாள் காலை வேட்டி நுனியிலிருந்து அட்டை அடிக்கும் மெஷின் மேல் தண்ணீர் சொட்டியதும், அதைத் துடைத்ததும் நினைவு வந்தது. காபி வேண்டுமா என்று கேட்ட மனைவியிடம் அப்புறம் என்று சொன்னதும் நினைவு வந்தது. யோசித்துச் செய்யவில்லை. கண்ணைப் பார்த்ததும் கை தன் பழக்கத்துக்குச் செய்துவிட்டது.

"பிரியா," என்று கூப்பிட்டார். "நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்."

அவர் மனைவி மோகனப்பிரியாதான் கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிறவள். அவள் எழுந்து வந்து அட்டைகளைப் பார்த்தாள். சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

"கால்மிதிக்குக் கண்ணு தொறந்துட்டீங்களா?"

"ஆமா."

"அப்புறம் எட்டு நாளா மிதிச்சுட்டு வேற இருக்கறோம்."

தார் சுற்றிக்கொண்டிருந்த கந்தம்மாள் ராட்டையை நிறுத்தினாள். பன்னிரண்டு வருடமாக இந்தக் கூடத்தில் ஊடைக்கு நூல் சுற்றுகிறவள். எழுந்து வாசலுக்குப் போய், மிதியடியை இரண்டு கையாலும் தூக்கி, உதறாமல் கொண்டுவந்து தறியின் பாவு உருளை மேல் விரித்தாள்.

"நெத்தி மேல படுத்திருக்கறது நீர்நாயிங்க," என்றாள். "எங்கப்பன் ஆத்துல வலை போட்டா கிழிச்சுப்போடுமே, அதே மூஞ்சி. அந்தூர்லயும் இருக்குதாட்ட இருக்குது."

ஒவ்வொரு மிதியடியோடும் உறைக்குள் வைக்க வேண்டிய ஒரு துண்டுத்தாளை வாங்குகிறவர்கள் அனுப்பியிருந்தார்கள். உறையின் அளவுக்கு மடிகிறதா என்று மட்டும்தான் மோகனப்பிரியா அதுவரை பார்த்திருந்தாள். இப்போது எடுத்துவந்து படித்து, தமிழில் சொன்னாள்.

அந்தக் கடலில் இருந்த நீர்நாயின் தோலுக்குச் சீனாவில் பெரிய விலை. அதைத் தேடி இருநூற்று நாற்பது வருடத்துக்கு முன் ஆங்கிலேயர்களின் கப்பல்கள் போயின. முதலில் போனவற்றில் சில பம்பாயிலிருந்தே கிளம்பியவை. இரும்பும் செம்பும் கொடுத்துத் தோல் வாங்கினார்கள், பிறகு கம்பளி கொடுத்து வாங்கினார்கள். கோட்டை கட்டினார்கள். பெரியம்மையும் வந்தது என்று ஒரு வரி இருந்தது. நீர்நாய்கள் அந்தக் கரையில் அநேகமாக இல்லாமல் போயின என்று இன்னொரு வரி. கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருமுறை, விலை சரியில்லை, தோல் தரமாட்டோம் என்று கம்பெனிப் படகைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் போர்க்கப்பல் வந்து கடலில் நின்றபடியே ஊரை எரித்தது. ஊர்ப் பெரிய வீட்டின் முகப்புப் பலகை பாதுகாப்புக்காகக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. பயணிகள் அதை இன்றும் அங்கே காணலாம்.

"ஊட்ட எரிச்சவனே கதவப் பாதுகாப்பா எடுத்துட்டுப் போனானாக்கும்," என்றாள் கந்தம்மாள்.

 மோகனப்பிரியா துண்டுத்தாளில் அந்த ஊரின் பெயரைத் தேடினாள். இருந்தது. ஊர் இன்னமும் இருக்கிறதா என்று போனில் பார்த்தாள். இருந்தது. ஊர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாள். நாங்கள் துணி நெய்கிறவர்கள், இந்த முகத்தை மிதியடியில் நெய்யச் சொல்கிறார்கள், இது யாருடையது, நெய்யலாமா என்று கேட்டாள்.

மறுநாள் மயில்சாமி வந்தார். வெள்ளைச் சட்டையும் இரண்டு போனுமாக எப்போதும் அவசரத்தில் இருக்கும் மனிதர். காரை விட்டு இறங்கியதும் வாசலைப் பார்த்தார்.

"மாதிரி எங்க தம்பி? படம் புடிச்சு அனுப்போணும்."

"உள்ள இருக்குதுங்ணா. அந்த முகத்த மிதியடியில நான் நெய்யப்போறதில்லீங்க."

மயில்சாமி நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தார். சண்முகவேல் நடந்ததைச் சொன்னார். மயில்சாமி முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு போனை எடுத்து மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"வருசம் பூரா தாமரை போட்டுக் கால்மிதி நெய்ஞ்சீங்களே, தாமரைக்கு வலிக்கிலியா?"

"தாமரைக்கு நான் கண்ணு தொறக்கிலீங்ணா."

"யோவ், அது அவங்க ஊரு சாமியே இல்லையோ என்னமோ. ஏதோ பொம்மையா இருக்கும்."

"தெரியிலீங்க. தெரியாததுனாலதான் பயமா இருக்குது."

"சங்ககிரிக் கோட்டையிலகூடத்தான் கம்பெனிப் பட்டாளம் குந்தீட்டு இருந்துது. இப்ப பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க ஏறி நின்னு போட்டோ எடுக்குதுங்க. பழைய கதைய மனசுல வெச்சுக்கிட்டா தறி ஓடுமா?"

தேநீர் கொண்டுவந்த மோகனப்பிரியா டம்ளரை வைத்தாள். "அந்தக் கோட்டை நம்ம கைக்கு வந்துருச்சுங்ணா. இவங்களுக்கு ஊட்டுப் பலகைகூட வரிலீங்களே."

மயில்சாமி தேநீரை ஆற்றினார். அவருக்கு இந்த ஆர்டர் போனால் அந்தப் பக்கமே இனி வாசல் மூடிவிடும். அது சண்முகவேலுக்கும் தெரியும்.

"என்னதான் பண்ணச் சொல்றீங்க? நாலாயிரம் உருப்படி. மாட்டேன்னு ஒரு வார்த்தையில சொல்லிப்போட்டு நான் அவங்க மூஞ்சியில முழிக்கோணுமா?"

"மாட்டேன்னு சொல்லிலீங்ணா. வேற நெய்யறேன். கோட்டைக்கு இருநூறு வருசம்னா கோட்டையவே போடலாம். கப்பலப் போடலாம். கம்பெனி முத்திரை இருக்குதே, கிரீடமும் நங்கூரமும், அத நடுவுல பெருசாப் போடலாம். மிதிக்கறதுன்னா அத மிதிக்கட்டும்."

மயில்சாமி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"குசும்பு புடிச்ச ஆளய்யா நீயி. அனுப்பித்தான் பாப்போம். அவங்க முத்திரைய அவங்களே வேண்டாம்பாங்களா என்ன?"

மோகனப்பிரியா ஒரே நாளில் வரைந்து முடித்தாள். நன்றாகவே வரைந்தாள். கோட்டைக் கதவின் ஆணிகள்கூடத் தெரிந்தன. கப்பலின் பாய்கள் காற்றில் உப்பியிருந்தன. நடுவில் முத்திரை. கரையோரமாக ஒரே ஒரு நீர்நாய், கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நான்காம் நாள் பதில் வந்தது. மயில்சாமி நேரிலேயே வந்தார். சிரிக்கவில்லை. போனைப் பார்த்து மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"படம் அழகா இருக்குதாம். ஆனா முத்திரைய மிதியடியில போட அனுமதி இல்லியாம். அந்த முத்திரைக்குக் கீழ எத்தனையோ குடும்பம் தலைமுறை தலைமுறையா வேலை பாத்துச்சாம். அதக் காலுக்கடியில போட்டா அவங்க மனசு புண்படுமாம். மரியாதையா இருக்காதாம். முன்ன பேசுன மாதிரி அந்த முகத்தையே போட்டா ஆர்டரு நிக்குமாம். இல்லாட்டிப் போனா வேற ஆளப் பாத்துக்கறாங்களாம்."

"இன்னொருக்கா சொல்லுங்ணா," என்றார் சண்முகவேல்.

மயில்சாமி இன்னொரு முறை சொன்னார். இந்த முறை 'மனசு புண்படும்' என்ற இடத்தில் அவர் குரல் தானே தாழ்ந்தது.

"அப்ப மிதிச்சா வலிக்கும்னு அவங்களுக்கே தெரியுமுங்களா," என்றார் சண்முகவேல்.

 சண்முகவேல் எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த மூன்று தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். பிறகு கந்தம்மாளைக் கூப்பிட்டார். அவளிடம் கேட்காமல் இதற்குப் பதில் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தோன்றியது. ஆர்டர் போனால் முதலில் நிற்பது அவள் ராட்டைதான்.

"கந்தம்மாக்கா, இந்த வேலை இல்லீனா மூணு தறிய எடைக்குப் போடோணும். மிச்சம் மூணுக்கும் வேலை கெடைக்குமான்னு தெரியில. உங்களுக்குத் தீபாவளி வரைக்கும் நான் வாக்குக் குடுத்திருந்தேன்."

கந்தம்மாள் கையிலிருந்த நூல் முனையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எங்கூட்டுக் கதவ எவனாச்சும் புடுங்கிட்டுப் போயி மிதியடி போட்டா, அதுக்கு ஒருத்தி நூலு சுத்திக் குடுத்தான்னா, அவள நான் என்ன சொல்லுவேன்? நான் சுத்தறது அதுக்குப் போகாதுங் சாமி. நீங்க துண்டு நெய்யுங்க, கோமணம் நெய்யுங்க, நான் வாரேன்."

"கோமணத்துக்கு ஏற்றுமதி இல்லியே அம்மிணி," என்றார் மயில்சாமி. சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை.

சண்முகவேல் அவர் பக்கம் திரும்பினார். கை கூப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"எழுதீருங்ணா. இந்த முகத்த நாங்க காலுக்கு நெய்யமாட்டம்னு எழுதுங்க. அவங்க மனசு புண்படும்னா அடுத்தவங்க மனசும் புண்படும்னு எழுதுங்க. குமாரபாளையத்துல ஒரு தறிக்காரன் சொன்னான்னு பேரப் போட்டே எழுதுங்க."

"வேற ஊருல வேற ஒருத்தன் நெய்ஞ்சு குடுப்பான் தம்பி."

"குடுக்கட்டுமுங்க. என்ற தறியில இல்ல."

மயில்சாமி எழுந்தார். "கண்ணு, காதுன்னு பேசிட்டு இருந்தா சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்று வாசலில் நின்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். ஆனால் அன்று மாலை அனுப்பிய மின்னஞ்சலின் நகலை மோகனப்பிரியாவுக்கும் அனுப்பியிருந்தார். சண்முகவேல் சொன்னதில் ஒரு வார்த்தையும் குறையவில்லை. பெயரும் இருந்தது.

அடுத்த வாரம் மூன்று தறிகளை உடைக்க ஆட்கள் வந்தார்கள். சண்முகவேல் இந்தமுறை ஒதுங்கி இருக்கவில்லை. சம்மட்டி விழும் ஒவ்வொரு தடவையும் கூடவே நின்றார். இரும்பை வண்டியில் ஏற்றியபோது ஒரு தறியின் சட்டத்தில் பழைய குங்குமப் பொட்டு இருந்தது. அதைத் துண்டால் துடைத்துவிட்டு ஏற்றினார்.

கூடத்தில் பாதி வெறுமையாகக் கிடந்தது. ஷாலினி அந்த வெற்றிடத்தில் பாண்டி ஆடக் கட்டம் கிழித்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை.

அன்றைக்குத்தான் மோகனப்பிரியாவின் மின்னஞ்சலுக்கு அந்தக் கரையிலிருந்து பதில் வந்தது. ஆக்னஸ் என்ற பெண் எழுதியிருந்தாள். மோகனப்பிரியா அதை மெதுவாகச் சொன்னாள்.

"அது எங்கம்மாவோட தம்பி ஊட்டு முகம்னு எழுதியிருக்கறாங்க. அந்த ஊட்டுக்காரங்க மட்டுந்தான் அத வெச்சுக்கலாமாம். பலகையத் திருப்பிக் குடுங்கன்னு முப்பது வருசமாக் கோட்டைக்காரங்ககிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கறாங்களாம். அந்த முகத்தப் போட்டு எத்தனையோ பேரு என்னென்னமோ பண்ணீருக்கறாங்களாம். பண்ணலாமான்னு முன்னக்கூட்டிக் கேட்டது நீங்கதான்னு எழுதியிருக்கறாங்க. வேண்டாம், நெய்யாதீங்க. ஏற்கனவே நெய்ஞ்சது ஏதாச்சும் இருந்தா ஊட்டுக்கு அனுப்பி வையுங்கன்னு கேட்டிருக்கறாங்க."

"அவ்வளவுதானா?"

"இன்னும் ரெண்டு வரி இருக்குது. எங்க ஊர்ல எதையாச்சும் திருப்பிக் குடுக்கறதுன்னா விருந்து வெச்சு, சாட்சிக்கு ஆளுகளக் கூப்பிட்டு, அவங்க முன்னால குடுப்போம். நீங்க தூரத்துல இருக்கறீங்க. உங்க முறை எப்படியோ அப்படிச் செய்யுங்க."

மோகனப்பிரியா கம்ப்யூட்டரில் இருந்த டிசைனை அழித்தாள். அழித்துவிட்டதாக ஆக்னஸுக்கு எழுதினாள்.

மறுநாள் காலை ஒரு சரக்கு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. துண்டு நெய்வதற்கான நூல் மூட்டைகள். மூன்று தறிக்கு ஒன்றரை மாத வேலை இருக்கும். யார் அனுப்பியது என்று சண்முகவேல் கேட்டார்.

"மயில்சாமி அண்ணந்தானுங்க," என்றார் ஆட்டோக்காரர்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொன்னாருங்க."

கந்தம்மாள் மூட்டையைப் பிரித்து நூலை முகர்ந்து பார்த்துவிட்டு, ராட்டைக்கு எதிரே உட்கார்ந்தாள். கடவுள் எந்த வண்டியில் ஏறி வருவார் என்று யாருக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தறிக்கு விடுமுறை. மனைவியும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். சண்முகவேல் கூடத்துப் பின்பக்கம் ஒரு அகன்ற பாத்திரத்தில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்து, அந்த மிதியடியை அதில் முக்கினார். தேய்க்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்தார். எட்டு நாள் மண் தண்ணீரில் இறங்கியது. நாலு தண்ணீர் மாற்றியபின் நெற்றி மேல் இருந்த நீர்நாயின் கறுப்பு பளிச்சென்று வந்தது. கண்களின் வெள்ளையும் வந்தது. நிழலில் காயவைத்து, தறிச் சட்டத்தின் உச்சியில், தலைக்கு மேல் உயரத்தில், வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்தார்.

மறுநாளிலிருந்து கந்தம்மாள் வருவதற்கு அரை மணி முன்னாலேயே கூடத்தைத் திறந்தார். குளித்துவிட்டு, வாயில் எதுவும் படாமல், வேலியோரச் செவ்வரளியில் ஒரு பூ பறித்துக்கொண்டு வந்தார். ஏணி போட்டு ஏறி அந்தப் பூவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். என்ன மந்திரம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டாருக்கு உரிய பாஷையும் தெரியாது. தன் முருகனிடம் வேண்டுவது போலத்தான் நின்றார். தெரியாமல் மிதித்துவிட்டோம் என்று மட்டும் சொன்னார். பிறகு முந்தின நாள் பூவை எடுத்துக்கொண்டு இறங்கி, தறியை ஓட்டினார்.

அரளிச் செடியில் பூ குறைவதைப் பார்த்து, மாடத்து முருகன் படத்துக்குத்தான் போகிறது என்று மோகனப்பிரியா நினைத்தாள். அவர் திருத்தவில்லை. மிதித்தது எட்டு நாள். பூ வைத்ததும் எட்டு நாள்.

எட்டாம் நாள் காலை ஏணியிலிருந்து இறங்கும்போது முகத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார். அட்டைக் கோவையை அவிழ்த்துக் கீழே வைத்தார். கண் அட்டைகள் இருபத்துநான்கையும் கயிறு அறுத்துத் தனியே எடுத்து எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. இனி இந்தக் கூடத்தில் யாரும், அவரே நினைத்தாலும், அந்த முகத்தை நெய்ய முடியாது. அட்டைகளை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். மிதியடியை எடுத்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, முகம் உள்பக்கம் வருமாறு, மடிப்பு கண்களின் மேல் விழாதவாறு மடித்தார். அதன் மேல் அன்றைய பூவை வைத்தார்.

பெட்டியை மூடி, மோகனப்பிரியா எழுதிக் கொடுத்திருந்த விலாசத்தை ஒட்டினார். வெளியே பார்த்தார். தெருவில் இன்னும் ஆள் நடமாட்டம் இல்லை. வாசற்படி வெறுமையாக இருந்தது. காலணியை விட்ட இடத்திலேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தபால் ஆபீஸ் பக்கம் நடந்தார்.